மில்லு மைனியின் பாட்டுக்காசு

எட்டாம் கொடை கழிந்த மறுநாள் சாயங்காலம் அம்மன் கோவில் சமையல் கொட்டகையில் இருந்தவர்கள்: ஊர்த் தலைவர், செயலாளர், பொருளாளர், பூசாரி, வில்லுப்பாட்டுப் பாடின பெண், அவளுக்குக் குடம் அடிக்கிற அவள் கணவன், மில்லு மைனி, நான். எட்டுப் பேர். வாசலில் படுத்துக் கிடந்த நாயைச் சேர்க்கவில்லை. இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு ஊரில் பாதிப் பேர் "நானும் அங்கதான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒருத்தரும் நிற்கவில்லை.

கொடை முடிந்த எட்டாம் நாள் அம்மனுக்குச் சின்னதாக ஒரு பூஜை நடக்கும். மறுநாள் கமிட்டி உட்கார்ந்து, யாருக்கு என்ன பாக்கி என்று பார்த்துக் கணக்கை முடிக்கும். மைக் செட்டும் சீரியல் லைட்டும் என்னுடையவை. என் பைசா அன்று காலையிலேயே கைக்கு வந்துவிட்டது. வந்ததைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற வெப்ராளத்தில்தான் சாயங்காலமும் போய் நின்றேன். நான் அப்படித்தான். வானத்தில் ஒரு துண்டு மேகம் தெரிந்தால் ஆம்ப்ளிஃபயர் மேல் தார்ப்பாய் போடுவேன். போட்டபிறகு உள்ளே சூடேறுமே என்று எடுப்பேன். எடுத்தபிறகு மறுபடியும் மேகத்தைப் பார்ப்பேன்.

மைனி எதற்கு வந்தாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. கமிட்டியில் பெண்கள் கிடையாது. மாவு மில்லை அடைத்துவிட்டு, புருவத்தில் மாவு ஒட்டினபடிக்கே வந்து, ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் எனக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். அதனால் இவள் மைனி. அண்ணன் போனபிறகு மில்லை அவள்தான் ஓட்டினாள். எங்கள் ஊரில் மிளகாய் பொடிக்க வேண்டுமென்றாலும் அரிசி மாவு திரிக்க வேண்டுமென்றாலும் அவள் முன்னால் பாத்திரத்தோடு நின்றாக வேண்டும். மில்லு ஓடும்போது பேசினால் கேட்காது; அதனால் அவளுக்கு எப்போதும் உரத்த பேச்சு. வீட்டில் சோறு தின்னும்போதும் பெல்ட்டுக்கு மேலே பேசுகிற மாதிரிதான் பேசுவாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. பாட்டோ மேளமோ ஆட்டமோ, எதையும் சும்மா கேட்கமாட்டாள், சும்மா பார்க்கவும் மாட்டாள். கேட்டால் பைசா கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் எழுந்து வந்தால், சாப்பிட்ட கடையில் காசு கொடுக்காமல் வந்ததுபோல அவளுக்கு இருக்கும்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டி முடிந்து, சனம் பந்திக்கு இடம் பிடிக்க ஓடுகிற நேரம். நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தனக்குத்தானே எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். மைனி ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று, முதல் பந்தி போய்விட்டதே, இரண்டாம் பந்தியில் அவியல் காணாமல் போகுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்ததும் மைனி ஐம்பது ரூபாயை நீட்டினாள்.

"என்ன பாட்டும்மா வேணும்?" என்றார் அவர்.

"பாட்டு ஒண்ணும் வேண்டாம். கேட்டாச்சு. கேட்டதுக்குத்தான்."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவருக்கு பேசின கூலிய மொத்தமா குடுத்தாச்சு மைனி. நாலுபேரு பாத்தா எங்கள என்ன நினைப்பா?"

"அது நீங்க கேட்டதுக்கு. நீங்க எங்க கேட்டிய, வாசல்லல்லா நின்னுட்டிருந்திய. இது நான் கேட்டதுக்கு."

இன்னொரு தடவை ராஜாக்கமங்கலத்துப் பக்கம் கடற்கரையில் மாதா கோவில் திருவிழாவுக்கு லைட் கட்டப் போயிருந்தேன். மில்லுக்குப் புதுப் பெல்ட் வாங்கப் போன மைனியும் அங்கே வந்து இறங்கினாள். கம்பு தட்டி ஆடுகிற கழியல் நடந்துகொண்டிருந்தது. ஆடி முடித்து வியர்க்க நின்ற பெரியவர் ஒருவரிடம் நூறு ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"அம்மா, இது மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு ஆடுகது. பைசா வாங்கப்பிடாது."

"நேர்ச்ச மாதாவுக்கு. கால் நோவு உமக்குத்தான? தைலம் வாங்கி தேயும்."

அவர் சிரித்துவிட்டார். வாங்கிக்கொண்டார்.

என் பாட்டுக்கும் ஒருதரம் கிடைத்தது. தெரு முக்கில் என் கடை வாசலில் மைக் சரிபார்க்கும்போது 'ஹலோ ஹலோ'வோடு நிறுத்தாமல் பழைய சினிமாப் பாட்டில் இரண்டு வரி பாடிவிட்டேன். மைனி மில்லிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து வந்து என் கையில் ஐந்து ரூபாய் வைத்தாள்.

"என்ன மைனி, என் பாட்டு அஞ்சு ரூவாதானா?"

"அதுவே கூடுதலு, கொழுந்தனே. மீதிய அடுத்த பாட்டுல கழிச்சிக்கோ."

இனி, அந்த வில்லுப்பாட்டுப் பெண். சிதறால் பக்கம் பிறந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். பகலில் முந்திரிப் பருப்பு உடைக்கிற ஆலையில் வேலை. நாங்கள் அண்டி ஆபீஸ் என்போம். கொடைக் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு வில்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். அந்த வருஷம் ஆபீசில் மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒன்று பாட்டு, இல்லையென்றால் வேலை. அவள் யோசித்துப் பார்த்துப் பாட்டு என்று சொல்லியிருந்தாள். எங்கள் ஊர்க் கொடைக்குப் பேசின கூலி பதினைந்தாயிரம். அச்சாரம் மூவாயிரம். அதை நம்பித்தான் உடுக்கு அடிக்கிறவருக்கும் தாளக்காரருக்கும் பின்பாட்டுக்காரிக்கும் வாக்குச் சொல்லியிருந்தாள்.

அவள் பாடினதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒன்று மட்டும் தெரியும். கொடை என்றால் எனக்கு மூன்று நாளும் ஒரே யோசனைதான்: மழை வருமோ, ஜெனரேட்டர் நிற்குமோ, பிள்ளைகள் வயரில் கால் வைத்துவிடுமோ. அவள் வீசுகோலை எடுத்து வில்லில் ஒரு தட்டுத் தட்டி, அம்மன் பிறந்த கதையை எடுத்தாள். கதை முடிந்த பிறகுதான் எனக்கு நினைப்பு வந்தது, அதுவரை நான் ஒரு தடவைகூட வானத்தைப் பார்க்கவில்லை என்று. டாக்டரிடம் காட்டியிருக்கிறேன், மாத்திரை தின்றிருக்கிறேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

கணக்குப் பார்த்த அன்று பொருளாளர் செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொன்னார். "பந்தலு முடிஞ்சு. பூவு முடிஞ்சு. மைக்கு முடிஞ்சு. ஆர்கெஸ்ட்ராக்காரனுவ மேடை ஏறதுக்கு முன்னாலயே எண்ணி வாங்கிட்டானுவ. இனி வில்லுப்பாட்டு மட்டுந்தான் பாக்கி. பன்னெண்டாயிரம்."

"இருப்பு?" என்றார் தலைவர்.

"இருப்ப மதிலுக்கு எடுத்து வச்சாச்சுல்லா. கோவில் மேக்குப் பக்கத்து மதிலு இந்த மழைக்கு நிக்காது."

அது பொய்யில்லை. அந்த மதில் இடிந்து விழுவதை நானே கனவில் பார்த்திருக்கிறேன். தலைவர் கெட்ட மனுஷரும் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கோவில் காசில் ஒரு சாயா குடிக்கமாட்டார். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார்.

"பிள்ளே, நீ நம்ம ஊரு மருமொவ. அம்மனுக்கு நேர்ச்சையா பாடினதா வச்சுக்கோ. அடுத்த வருசம் நல்லா செய்வோம். என்ன?"

அவள் கணவன் தரையைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டப் போனாள். ஆட்டுவதற்குள் அண்டா மேலிருந்து மைனியின் சத்தம் வந்தது.

"பந்தக்காரன் எந்த ஊரு?"

"நம்ம ஊருதான்," என்றார் செயலாளர்.

"அவன் நேர்ச்சையா போட்டானா?"

"அது மைனி, அவன் மூங்கிலு, தகரம் எல்லாம் கொண்டுவந்து..."

"இந்தா நிக்கானே மைக்குக்காரன், இவனும் நம்ம ஊருதான். இவனுக்கு ஏன் குடுத்திய?"

நான் சட்டைப் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்லட்டா?" என்றாள் மைனி. "குடுக்காட்டா இவன் ஸ்பீக்கர கழத்திட்டு போயிருவான். பந்தக்காரன் பந்தல பிரிச்சிட்டு போயிருவான். இவ பாடினத எப்பிடி கழத்திட்டு போவா? உங்க காதுக்குள்ளல்லா கிடக்கு. அதனாலதான இவள கடைசியில வச்சிருக்கிய?"

பூசாரி தொண்டையைச் செருமினார். கொடையில் சாமி வந்து ஆடுகிறவர் அவர்தான்.

"ஒள்ளதச் சொல்லுகேன் தலைவரே. ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்கு எனக்கு சாமி வராது. இந்தப் பிள்ள பாடினாத்தான் வரும். இவ நாளைக்கு அண்டி ஆபீசுக்கே போயிட்டான்னா, நான் சும்மா நின்னு குதிக்கவா?"

"போட்டும் மைனி, விடுங்க," என்றாள் அந்தப் பெண்.

"ஏட்டி, நீ சும்மா இரி. உனக்கு பாடத்தான் தெரியும், பேசத் தெரியாது."

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "மைனி, நியாயம் எல்லாம் சரி. இல்லாத பைசாவ எங்கேருந்து எடுக்கட்டும்? மதில விட்டிரட்டா?"

"மதிலு வேணும். நான் வேண்டாம்னு சொன்னனா? பன்னெண்டாயிரத்த நான் எடுத்துத் தாறேன்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. பொருளாளர் கும்பிடவே செய்தார். மைனியிடம் வசதி உண்டு, கொடுத்துவிடுவாள் என்று நானும் நினைத்தேன்.

"என் பைசாவ இல்ல," என்றாள் மைனி. "நான் மொத்தமா குடுத்தா, நான் ஒருத்தி கேட்டதாட்டுல்லா ஆகும். ஊருல்லா கேட்டுது. கேட்டவன்கிட்ட வாங்கித் தாறேன்."

மறுநாள் காலையில் மில்லில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. முதல் நூறு ரூபாயை அவளே போட்டாள். இரண்டாவதாக என்னைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள். பிறகு மாவு திரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"கொடைக்கு பாட்டு கேட்டியா?"

"கேட்டேன் மைனி."

"அப்போ திரிப்புக் கூலியோட பாட்டுக்காசு போடு. எவ்வளவுன்னு உனக்குத் தெரியும்."

கேட்கவில்லை என்று சொன்னவர்களிடம் அவள் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்வது லேசில்லை. என் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தேன். சத்தம் குளத்தங்கரை வரைக்கும் போயிருந்தது. கீழத்தெருக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"நான் எங்க வந்து கேட்டேன்? வீட்டுல கிடந்தவன் காதுல கொண்டுவந்து ஊத்திட்டு, அதுக்கு பைசா வேற நான் தரணுமா? மொளவு பொடிக்க வந்தா மொளவுக்குத்தான் கூலி!"

"சரி வே, உமக்கு வேண்டாம். நிக்கணும், அரிசி ஓடிட்டு இருக்கு."

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கால் தாளம் போட ஆரம்பித்தது. பிறகு வாய் முணுமுணுத்தது. 'தந்தனத்தோம்' என்று தொடங்கி, அம்மன் தொட்டிலில் கிடக்கிற இடம் வரைக்கும் அப்படியே வந்துவிட்டது. மைனி மாவு படிந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மில்லில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் வேட்டி மடிப்பை அவிழ்த்து இருபது ரூபாய் எடுத்துப் போட்டுவிட்டு, "மானத்த வாங்காதிய," என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சனிக்கிழமைதோறும் டப்பாவில் சேர்ந்ததை என் பைக்கில் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அது என் வேலை. எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. தலைவர் கோபித்துக்கொண்டு அடுத்த கொடைக்கு மைக் செட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால்? வழியில் பைசா விழுந்துவிட்டால்? ஒருநாள் தலைவரின் மனைவி மிளகாய் பொடிக்க வந்து, நூறு ரூபாயைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிட்டு, "அவருகிட்ட சொல்லீராதிய," என்றாள். அடுத்த வாரம் தலைவரே வந்தார். கையில் மாவுப் பாத்திரம் ஒன்றும் இல்லை. ஐநூறு ரூபாயைப் போட்டுவிட்டு அவரும் அதையேதான் சொன்னார். மைனி இரண்டு பேரிடமும் சத்தியம் செய்தாள். அவள் சத்தியம் செய்த சத்தம் முக்கு வரைக்கும் கேட்டது.

அந்தப் பெண் ஆபீசுக்குத் திரும்பிப் போகவில்லை. முதலில் கிடைத்த பைசாவில் உடுக்குக்காரருக்குக் கொடுத்தாள், பிறகு தாளக்காரருக்கு. தனக்கென்று எடுத்தாளா என்று தெரியாது. நான் பைசா கொண்டுபோகும்போதெல்லாம், "ஆரெல்லாம் குடுத்தா அண்ணே?" என்று கேட்பாள். நான் சொல்வேன். ஒவ்வொருவரைச் சொல்லும்போதும், "அவ்வோளும் கேட்டாவளா!" என்பாள். எண்ணிக்கூடப் பார்க்காமல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்த்து, முக்கில் வைத்து சோதித்துக்கொண்டிருந்தேன். பழைய இரண்டு வரியைப் பாடினேன். மைனி மில்லு வாசலில் எனக்கு முதுகு காட்டி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இன்னும் இரண்டு வரி சேர்த்து உரக்கப் பாடினேன். திரும்பவே இல்லை. என்மேல் கோபமோ, சனிக்கிழமைக் கணக்கில் ஏதாவது குறைந்துவிட்டதோ என்று பதறிப்போய் ஓடினேன். தோளைத் தொட்டதும் திரும்பி என் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எப்போ இருந்து மைனி?"

"ரெண்டு வருசமாட்டு இருக்கு. காத மில்லு எடுத்துக்கிட்டு. வெளிய சொல்லாத, மவன்மாரு மில்ல அடைக்கச் சொல்லுவானுவ."

"அப்போ இந்தக் கொடைக்கு?"

"உன் ஸ்பீக்கர் பொட்டி பக்கத்துல இருந்தேன்லா. கொஞ்சம் கேட்டுது. மீதிக்கு அவ வாயப் பாத்துட்டு இருந்தேன்."

எனக்குத் தாங்கவில்லை. "கேக்காத பாட்டுக்கு எதுக்கு மைனி முதல் ஆளா நூறு ரூவா போட்டிய? ஊரு பூரா எதுக்கு இம்புட்டு சண்ட?"

மைனி சல்லடையைத் தட்டினாள். "எனக்கு கேக்கலன்னு அவ பாதியிலயா நிறுத்தினா?" என்றாள். பிறகு இடுப்புப் பையில் கையை விட்டு ஐந்து ரூபாய் எடுத்தாள். "பாடினியோ? வாயி அசைஞ்ச மாதிரி இருந்து."

ஐப்பசி மழையில் கோவில் மேற்கு மதில் நின்றது. மைனி நிற்கவில்லை. காய்ச்சல் என்று ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. மில்லை மகன்கள் விற்றார்கள். வாங்கினவர் மிஷினை எடுத்துக்கொண்டு, டப்பாவை மட்டும் என் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். "இது மில்லுல சேராதாம்," என்றார்.

அடுத்த சித்திரைக் கொடைக்கு வரி பிரிக்கும்போது, தலைவர் பாட்டுக்கென்று வீட்டுக்கு நூறு ரூபாய் தனியாகச் சேர்த்தார். கீழத்தெருக்காரர்கூட முணுமுணுக்காமல் கொடுத்தார். வில்லை மேடையில் வைப்பதற்கு முன்னால் முழுக் கூலியையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பாடினாள். பூசாரிக்குச் சாமி வந்தது. நான் வானத்தைப் பார்க்கவில்லை. என் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தேன். யாரும் உட்காரவில்லை, நான் உட்காரச் சொல்லவும் இல்லை.

பழைய பாக்கியில் டப்பாவுக்கு வந்துசேராத மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய் மட்டும் அப்படியே நின்றது. கமிட்டியைப் பொறுத்தவரை அந்த வருஷக் கணக்கு முடிந்துவிட்டது. நானே போட்டுத் தீர்த்துவிடலாம் என்று பலதடவை டப்பாவைத் திறந்திருக்கிறேன். ஆனால் நான் கேட்டதற்கு நான் கொடுத்தாகிவிட்டது. கேட்டுவிட்டுக் கொடுக்காதவர்கள் ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. ஏதாவது சொல்லிவிடுவார்களோ, சண்டை வந்துவிடுமோ, வியாபாரம் போய்விடுமோ. டப்பா மேல் தூசி படியும், துடைப்பேன்.

போன வாரம் பால் காய்ப்பு வீட்டுக்கு டியூப் லைட் கேட்டு மேலத்தெருப் பையன் ஒருவன் வந்தான். துபாயில் இருந்து லீவில் வந்தவன். பாக்கி நின்ற அந்தக் கொடைக்கும் வந்திருந்தவன். நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே சீட்டியடித்தான். முதலில் கவனிக்கவில்லை. பிறகு கை நின்றுவிட்டது. அம்மனின் தொட்டில் பாட்டு.

வயரைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினேன்.

"என்ன அண்ணே?"

"பாட்டுக்காசு."

அவன் என் கையைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். "மில்லு மைனி டப்பால்லா இது," என்றான். சட்டைப் பையைத் துழாவினான். "ஜீபே உண்டுமா? கையில பத்துதான் இருக்கு."

"பத்து போதும். மீதிய நாளைக்கு கொண்டா."

போட்டான். அந்தச் சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டாள், சொன்னேன். "துபாய்க்காரனும் கேட்டானா!" என்றாள்.

பாக்கி மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.